பதிலுக்கு விட்ட இடம்

மறுநாள் காலை நாடு முழுக்க எல்லாப் பள்ளிகளுக்கும் வானொலியில் போகவிருந்த முதல் ஆங்கிலப் பாடம் அது. நடத்தியவள் டீச்சர். அதை வெட்டி ஒட்டிச் சீர்செய்தவர் அவள் கணவர், வானொலி நிலையத்து ஒலிப்பதிவாளர்.

கேட்டு முடித்து ஹெட்போனைக் கழற்றினாள்.

"எங்கங்க போச்சு?"

"எது?"

"பிள்ளைங்க பதில் சொல்ல நான் விட்ட இடம்."

"வெட்டிட்டேன். ரேடியோ சும்மா இருந்தா கெட்டுப்போச்சுன்னு மண்டையில தட்டுவாங்க. கொடுத்திருக்கறதே கால்மணி நேரம்."

"என் கிளாஸ்ல கடைசி பெஞ்சுல ஒருத்தி இருக்கா. பேரைக் கேட்டாலே எச்சில் முழுங்கிட்டுத்தான் சொல்லுவா. ஆனா சொல்லிடுவா. அவ வாயைத் திறக்கறப்ப நான் அடுத்த கேள்விக்கு ஓடிட்டா, அப்புறம் திறக்கவே மாட்டா."

"அவளுக்காக நாடே காத்திருக்கணுமாக்கும்?"

டீச்சர் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

வெட்டிய துண்டுகளை அவர் இன்னும் அழிக்கவில்லை. மனசு உறுத்த, அவற்றை மட்டும் ஓடவிட்டு ஒலியைக் கூட்டினார். நாற்காலி முன்னால் சாயும் கிறீச். இழுத்துப் பிடித்த மூச்சு. பிறகு, கேட்டும் கேட்காததுமாய் ஒரு "ம்..."

அந்த "ம்" அவருக்குப் பழக்கம். அம்மா போன அன்று ஆஸ்பத்திரி வாசலிலிருந்து அவளுக்குப் போன் போட்டார். வார்த்தை வரவில்லை. அவள் என்ன ஏது என்று பதறவில்லை, போனை வைக்கவும் இல்லை. அவர் சொல்லி முடிக்கும்வரை மறுமுனையில் அந்த "ம்" மட்டும்.

துண்டுகளை இருந்த இடத்திலேயே ஒட்டினார். கால்மணியைத் தாண்டியது. பாடத்தின் தொடக்கத்தில் அவரே மெட்டமைத்த பாட்டு இருந்தது. பார்ப்பவர்களிடமெல்லாம் பாடிக் காட்டிப் பீற்றிக்கொண்டது. கடைசியாக ஒருமுறை அதை ஓடவிட்டுக் கேட்டார். பிறகு பாட்டை எடுத்துவிட்டார். நேரம் சரியாக வந்தது.

காலையில் அவள் வகுப்பு வாசலில் போய் நின்றார். ரேடியோ ஆங்கிலத்தில் பேரைக் கேட்டது. பிள்ளைகள் கோரஸாகக் கத்தி அடங்கினார்கள். ரேடியோ இன்னும் காத்திருந்தது. கடைசி பெஞ்சிலிருந்து மெல்லிய குரல் ஒன்று தனியாக எழுந்து, தன் பேரைச் சொல்லி முடித்தது.

டீச்சர் வாசலுக்கு வந்தாள். கண் கலங்கியிருந்தது.

"உங்க பாட்டு எங்கங்க?"

அவர் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை.

"ம்..." என்றாள் அவள். காத்திருந்தாள்.