இம்மானுவேல் ஜீப்பும் சுரேஷ்கண்ணன் ஜீப்பும்
கம்பத்தில் விடியற்காலை மலைமேல் ஏலக்காய்த் தோட்டத்துக்குக் கூலியாள் ஏற்ற இரண்டு ஜீப்புகள் நின்றன. இம்மானுவேலின் ஜீப் ஐம்பது வருஷத்துப் பழசு. கதவு கிடையாது, மேலே தார்ப்பாய்தான். சுரேஷ்கண்ணனுடையது போன மாதம் வாங்கியது; கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசி போட்டிருந்தான்.

மேஸ்திரி ஆள் பிரிப்பதற்குள் போனால் காய் பறிக்கலாம். பிந்தினால் அட்டை கடிக்கும் பள்ளத்தில் களையெடுப்பு. தினமும் கூலிக்குப் போகும் பவுனுக்கு முந்தின கடியே ஆறவில்லை. புது ஜீப் பிந்தாது; ஆனாலும் மூடிய வண்டியில் மலை ஏறினால் அவளுக்குக் குமட்டும்.

"ஏறுக்கா, குளுகுளுன்னு போகலாம்" என்றான் சுரேஷ்கண்ணன்.

"ஏலே, ஒன் சீட்டக் கழுவ எனக்கு நேரமில்ல" என்று பழைய ஜீப்பில் ஏறினாள்.

நல்ல காற்று வந்தது. பாதி மலையில் வண்டி நின்றது. பெண்கள் இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைத்தார்கள். புது ஜீப் அவர்களைத் தாண்டிப் போனது.

"இஞ்சின் சூடு ஆறட்டும் ஆத்தா, கெழவனுக்கு எளைக்குது" என்றான் இம்மானுவேல்.

"அதுக்குள்ள மேஸ்திரி ஆளப் பிரிச்சிருவாகளே!" என்றாள் பவுனு.

அப்படித்தான் ஆனது. பவுனு களையெடுக்கப் பள்ளத்தில் இறங்கினாள்.

மறுநாள் வெறும் வயிற்றோடு வந்து, சுரேஷ்கண்ணன் ஜீப்பில் ஏறி, மடியில் ஒரு பாலிதீன் பையை விரித்து வைத்துக்கொண்டாள்.