இரைச்சலைக் கூட்டியபின் வந்து சேர்ந்த ஆற்றல்

1

இந்தக் கதையை நான் யோசித்து எழுதவில்லை. பேரம் பேசி வாங்கினேன். திண்டிவனத்தில் விழுப்புரம் பேருந்து ஏறியபோது ஜெசிந்தாவுக்கு ஜன்னலோர இடம் வேண்டியிருந்தது. எனக்கு ஒரு கதை. மண்டிக்காரர் வீட்டில் பிறந்தவன் சும்மா எழுந்து இடம் கொடுப்பானா?

அவள் இயற்பியல் ஆய்வு மாணவி. கணக்கு கைகூடியதென்று இன்று விழுப்புரத்தில் பேராசிரியரிடம் காட்டியாக வேண்டும். இல்லையேல் ஆய்வையே கைவிட வேண்டியதுதான்.

2

'சூழலோடு உறவாடும் குவாண்டம் வலைப்பின்னல்களில் ஆற்றலானது…'

(அடித்துவிட்டேன். இப்படித் தொடங்கினால் நானே விக்கிரவாண்டியில் இறங்கிவிடுவேன்.)

இலையில் விழும் வெளிச்சத்தின் ஆற்றல், மூலக்கூறு விட்டு மூலக்கூறு தாவிக் கடைசி வாசலுக்குப் போய்ச் சேரவேண்டும். அலைபோல் பல வழிகளில் ஒரே நேரத்தில் போகுமாம். ஜெசிந்தாவின் கணக்கில் அந்த அலைகள் வாசலருகே ஒன்றையொன்று அழித்துக்கொண்டன. ஆற்றல் உள்ளேயே சிக்கிக்கொண்டது. கணக்கு சுத்தமாக இருக்கட்டுமென்று சுற்றுப்புறத்தின் அதிர்வை அவள் பூஜ்யமாக வைத்திருந்தாள்.

3

அவள் வீட்டிலும் சத்தம் பூஜ்யம்தான். மாமியார் சவுரியம்மாள் சீரியலைச் சத்தமில்லாமல் பார்த்து, வாயசைவை வைத்தே அழுதார். வேர்க்கடலை உடைத்துக்கொண்டிருந்த மகனையும் விடவில்லை.

"டேய் அலெக்ஸு, மல்லாட்டைய வெளிய போய் உடைடா. அது கணக்கு போட்டுக்கினு இருக்குது."

"நான் இன்னா பாறையா உடைக்கிறேன்?"

ஒருநாள் மாமியாருக்கே பொறுக்கவில்லை. ஜெசிந்தாவின் அறைக் கதவைத் திறந்துவிட்டார்.

"ஏம்மே, இன்னும் போய்ச் சேரலியா அது? நாங்க யார்னா பேஜாரு பண்ணிட்டோமா?"

"இல்ல அத்தே. ஒருத்தரும் ஒண்ணும் பண்ணல. அதனாலதான்…"

ஜெசிந்தா அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. நானும் முடிக்கப்போவதில்லை.

கணக்கில் சுற்றுப்புறத்தின் அதிர்வைக் கொஞ்சம் கூட்டினாள். அலைகளின் ஒத்த தாளம் கலைந்தது. ஒன்றையொன்று அழிக்க முடியவில்லை. ஆற்றல் வாசலுக்கு வந்து சேர்ந்தது. ஆசைப்பட்டு இன்னும் கூட்டினாள், மறுபடி நின்றுபோனது. குறைத்தாள், வந்தது.

"அத்தே, டிவிய சத்தமா வைங்க!"

"எவ்ளோ சத்தமா?"

"அதத்தான் கண்டுபுடிச்சிக்கினு இருக்கேன்!"

4

(மாமியார் அத்தனை பொருத்தமாகவா கேட்டிருப்பார்? எனக்கும் சந்தேகம்தான். "கொஞ்சம் குறைச்சிக்கலாமா?" என்றேன். "ஒரு வார்த்த குறையாதுங்க" என்றாள். கறாரானவள்.)

ஆய்வேட்டின் நன்றிப் பக்கத்தை மட்டும் காட்டினாள். முதல் பெயர் சவுரியம்மாள். பக்கத்தில்: 'கதவைத் திறந்ததற்கு.'

5

விழுப்புரத்தில் அவள் இறங்கிப் போய்விட்டாள்; மிச்சத்தை நானேதான் எழுதிப் பார்க்க வேண்டும். பேராசிரியர், "பிரமாதம்!" என்று எழுந்து…

(மலிவுச் சரக்கு.)

பேராசிரியர், "நீ கூட்டின அதிர்வு நெஜ இலையில இருக்குதுன்னு யாரும்மா சொன்னது?" என்று…

(நியாயமான கேள்விதான். அதற்கு அவள் என்ன சொல்வாள் என்று எழுத எனக்குத் தெம்பில்லை.)

இதை வீட்டில் யாருக்காவது உரக்கப் படித்துக் காட்டுங்கள். நடுவில் ஒருவர் குறுக்கே பேசுவார். அந்த இடத்தில் நிறுத்திவிடுங்கள். அவர் சொல்வதுதான் முடிவு. அதட்டிவிடாதீர்கள், புண்ணியமாகப் போகட்டும்.