பாலுசாமி இருக்கும் பக்கம்

1993ஆம் வருடம் ஆவணி மாதத்து இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, காலை பத்தேகாலுக்கு நான் என் மீசையை எரித்துக்கொண்டேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டு கேஸ் அடுப்பின் தீ மேற்கே சாய்ந்து எரியத் தொடங்கியது. இரண்டில் முதலாவதற்கு முழுப் பொறுப்பும் என்னுடையது. கோயமுத்தூர் கணபதியில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் நான் ஃபோர்மேன். நாளைக்கு நாற்பது மோட்டாரைக் கழற்றி மாட்டுகிற ஈஸ்வரமூர்த்திக்கு ரெண்டு பர்னர் அடுப்பு எம்மாத்திரம் என்று, டவுன்ஹால் பக்கம் அமீர் ஹம்சா பாய் கடையில் பர்னருக்குள் கேஸ் பீய்ச்சுகிற புது ஜெட் வாங்கிவந்து நானே மாட்டினேன். கேஸ் கசிகிறதா என்று சோப்பு நுரை தடவிப் பார்க்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். சோப்பு குளியலறையில் இருந்தது, தீப்பெட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கசிவது உறுதியானது. மீசையில் இடது பாதியும் புருவம் இரண்டும் போயின. என் மனைவி நாச்சியம்மாள் ஓடிவந்து, "ஏனுங்க, கண்ணுக்கு ஒண்ணும் ஆகலீங்களே," என்று கேட்டு, ஆகவில்லை என்று தெரிந்ததும் கதவுக்குப் பின்னால் போய்ச் சிரித்துவிட்டுத் தேங்காயெண்ணெயோடு வந்தாள்.

ஜெட்டை ஒழுங்காக இறுக்கி மறுபடி பற்றவைத்தபோது, நீல நாக்குகள் எல்லாம், பந்தியில் உட்கார்ந்தவர்கள் பரிமாறுகிறவரைப் பார்ப்பதுபோல, ஒரே பக்கம் சாய்ந்து நின்றன. சன்னலைச் சாத்தினேன். அடுப்பைத் திருப்பி வைத்தேன். தீயும் திரும்பிக்கொண்டு மேற்கையே பார்த்தது.

மேற்கே எங்கள் வீட்டை ஒட்டியிருந்தது பாலுசாமியின் வீடு. பாலுசாமி பாக்கு வியாபாரி. மேட்டுப்பாளையம் மண்டிக்கு வாரம் இரண்டு தடவை போய்வருவார். 1984 தையில், சென்னிமலையில் நாச்சியம்மாளைப் பெண் பார்க்கத் திங்கட்கிழமை வந்தவர் அவர். வியாழக்கிழமை வந்தவன் நான். அவருக்கு நட்சத்திரம் பொருந்தவில்லை. எனக்கு நட்சத்திரம் மட்டும் பொருந்தியது. ஏழு வருடம் கழித்து அவர் கணபதியில் வீடு கட்டிக் குடிவந்தார், அதுவும் எங்கள் சுவரை ஒட்டியே. அவருக்கு நாற்பதிலும் தலைநிறைய முடி. குரல் எடுத்துப் பேசமாட்டார். எதிரே பார்த்தால் ஸ்கூட்டரை நிறுத்தி "அண்ணா, நல்லாருக்கீங்களா?" என்று கேட்பார். இப்படிப்பட்ட மனிதரைக் குறை சொல்ல முடியாமல் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு வாழ்வது எவ்வளவு சிரமம் என்பது பட்டவனுக்குத்தான் தெரியும்.

ஒரு செவ்வாய்க்கிழமை தீ வடக்கே சாய்ந்தது. பாலுசாமி மேட்டுப்பாளையம் போயிருந்தார். இன்னொரு நாள் வடகிழக்கே சாய்ந்தது. ஜமுக்காளம் எடுக்க பவானிக்குப் போயிருந்தார். ஒரு நோட்டுப் போட்டு மூன்று மாதம் குறித்துவைத்தேன். ஒரு தடவைகூடத் தப்பவில்லை. தெருவுக்கு இது தெரிந்தபோது யாரும் ஏன் என்று கேட்கவில்லை. எங்கள் பக்கத்து மரியாதை அப்படி. பாலுசாமியின் மனைவி பாவாத்தாள் மட்டும், சோறு வடிக்கும் நேரம் பார்த்துச் சுவருக்கு அக்கட்டயிருந்து, "அண்ணா, அடுப்பு எந்தப் பக்கமுங்க?" என்பாள். வடக்கிலிருந்து மேற்கே திரும்ப ஆரம்பித்துவிட்டது என்றால் உலை வைத்துவிடுவாள், ஆள் ஊரை நெருங்கிவிட்டார் என்று கணக்கு. அவளுக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. பொறாமைப்படுவதற்கு எனக்கு ஒரு துணைகூட வாய்க்கவில்லை.

நாச்சியம்மாளிடம் நேராகக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. "ஏனம்மணி, தீ ஏன் சாயுது?" என்பேன்.

"காத்துங்க."

"சன்னல் சாத்தியிருக்குது."

"அப்ப உள்காத்துங்க."

ஆகவே அடுப்பைக் குற்றவாளியாக்கினேன். 1994இல் பர்னர் இரண்டையும் மாற்றினேன். மறு வருடம் குமிழ், ரப்பர் டியூப், ரெகுலேட்டர். அதற்கடுத்த வருடம் தட்டையும் கால்களையும் மாற்றினேன். கடைசியில் பழைய அடுப்பில் மிஞ்சியது கம்பெனி பேர் போட்ட தகடு. அதையும் நெம்பி எடுத்தேன். இப்போது அது முற்றிலும் வேறு அடுப்பு. தீ மட்டும் அதே தீ.

ஹம்சா பாய் ஒவ்வொரு தடவையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அந்தக் கடைசித் தடவை கல்லாவுக்கு முன்னால் நின்று, வேறு வழியில்லாமல் முழுவதையும் சொன்னேன்.

"பாய், அது பாலுசாமி இருக்கிற பக்கமே சாயுது."

அவர் என் முகத்தைப் பார்த்தார். மீசையின் இடது பாதி அப்போதும் சரியாக வளர்ந்திருக்கவில்லை. "அதுக்குப் பார்ட்ஸ் வர்றதில்லீங்ணா," என்றார்.

கையிருப்பில் இல்லை என்கிறார் என்று எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

1997 மாசியில் ஒரு வியாழக்கிழமை காலை பாவாத்தாள் சுவரைச் சுற்றிக்கொண்டு நேராகவே வந்துவிட்டாள். செவ்வாய்க்கிழமை போன மனுசர் திரும்பவில்லை. மண்டியில் கேட்டால் அங்கே வரவே இல்லை என்கிறார்கள். அடுப்பு வடக்கே சாய்ந்திருந்தது. வடக்கே எங்கே, எவ்வளவு தூரம் என்று அடுப்பு சொல்லாது.

"அடுப்பை எடுத்துட்டே போலாமுங்க," என்றாள் நாச்சியம்மாள். அவள் ஏற்கெனவே சிலிண்டரைச் சாய்த்து உருட்டிக்கொண்டிருந்தாள். அந்த வேகத்தையும் நான் மனதில் குறித்துக்கொண்டேன்.

மேட்டடோர் வேன் ஒன்றை வாடகைக்குப் பிடித்தோம். பாவாத்தாள் முன்னால் டிரைவர் பக்கத்தில். பின்னால், வேனில் ஏற்கெனவே ஏற்றியிருந்த அரிசி மூட்டைகளுக்கு நடுவே சிலிண்டர், அதை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு நாச்சியம்மாள், எரிகிற அடுப்புக்கு முன்னால் நான். டிரைவர் அன்று முழுக்க பீடி பற்றவைக்கவில்லை. காரமடை வரைக்கும் நேர்வழி. மேட்டுப்பாளையத்தில் ரோடு பிரிகிறது. இடது கைப்பக்கம் போனால் ஊட்டி மலை, வலது கைப்பக்கம் சிறுமுகை. வேனை நிறுத்தி, "எக்கட்டங்ணா?" என்று கேட்டார் டிரைவர்.

தீ வலது பக்கம் படுத்தே கிடந்தது. அதைப் பார்க்கிற இடத்தில் நான் ஒருத்தன்தான் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். இடது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வேன் மலையேறும், குன்னூரில் டீ குடித்துவிட்டுத் தேடிப் பார்த்தோம் கிடைக்கவில்லை என்று திரும்பலாம், நம் வீட்டுத் தீயும் ஒரு நாள் நேராக நிற்கும். பதின்மூன்று வருடத்தில் எனக்கு அவ்வளவு வசதியான வார்த்தை கிடைத்ததில்லை. வாயையும் திறந்துவிட்டேன். முன்சீட்டில் பாவாத்தாள் முந்தானையைப் பல்லில் கடித்தபடி என் பதிலுக்காகத் திரும்பியிருந்தாள்.

"வலதுங்க," என்றேன்.

சிறுமுகை தாண்டி ஒரு பாக்குத் தோப்பில் தீ சட்டென்று கீழே குனிந்து அடுப்புத் தட்டை நக்கியது. அணைத்துவிட்டு இறங்கிப் பார்த்தோம். தண்ணீர் இல்லாத கிணற்றுக்குள் கால் முறிந்து இரண்டு நாளாகக் கிடந்தார் பாலுசாமி. தோப்பு பார்க்க வந்தவர் கால் இடறி விழுந்திருக்கிறார். கயிற்றுக் கட்டிலை இறக்கித் தூக்கினோம். தலைமாட்டைப் பிடித்தவன் நான். இரண்டு நாள் பட்டினிக்குப் பிறகும் அவர் லட்சணமாகத்தான் இருந்தார் என்பதை எழுதாமல் விட முடியாது. "உங்களுக்கு ரொம்பச் சிரமங்ணா," என்றார்.

கோயமுத்தூரில் ஆசுபத்திரியில் சேர்த்துவிட்டு, பாவாத்தாளை அங்கே விட்டு, மூன்று மணிக்கு வீடு வந்தோம். நானே அடுப்பை மாட்டினேன், சோப்பு நுரை தடவிப் பார்த்தேன். நாச்சியம்மாள் டீ வைத்தாள். தீ தெற்கே, ஆசுபத்திரிப் பக்கம் சாய்ந்திருந்தது. நான் டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு, அடுப்பைப் பற்றி ஒன்றும் பேசாமல், முதல் தடவையாக அவளைப் பற்றிக் கேட்டேன்.

"உனக்கு அவரைத்தான் புடிச்சிருந்துதா, அம்மணி?"

அவள் அடுப்பின் குமிழைச் சிம்மில் வைத்தாள். இத்தனை வருடத்தில் என்னிடம் ‘ங்க’ போடாமல் அவள் பேசியது அன்றைக்கு மட்டும்தான்.

"ஆமா. திங்கக்கெழம வந்தவரத்தான் புடிச்சிருந்துது. என்னைய யாரும் கேக்கல, நீயும் கேக்கல. இன்னிக்கு வேன்ல இடதுன்னு சொல்ல வாயத் தொறந்தே, நான் பாத்துட்டுத்தான் இருந்தேன். அப்பறம் வலதுன்னே. அந்தப் புடிச்சதுல பாதி அங்கயே போயிருச்சு. மீதி இருக்குது. தீ சாயற பக்கமாச் சட்டியத் தள்ளி வெச்சு ஆக்கிக்கலாம்."