மலையைச் சுற்றிய தகடு

“கடைசி போல்ட்டு, பத்திரம்” என்று ஜீப்புக்கு அடியிலிருந்து கையை மட்டும் நீட்டினார் என் கணவர் குமரேசன். வாங்கித் தயிர்க் கிண்ணத்தில் போட்டேன். மொத்தம் ஆறு.

வெளியூர்க்காரர்களை ஜீப்பில் ஜவ்வாது மலைக்குக் கூட்டிப்போய் வருவதுதான் அவருக்குத் தொழில். இன்ஜினைக் கல்லடியிலிருந்து காப்பதற்கு அடியில் ஒரு இரும்புத் தகடு உண்டு. முந்தின நாள் பாறையில் இடித்து, அது உள்பக்கமாக நசுங்கி ஓரத்தில் கிழிந்திருந்தது. மறுநாள் காலை இன்னொரு சவாரி.

அன்று பௌர்ணமி. எங்கள் வாசலே அண்ணாமலையைச் சுற்றும் கிரிவலப் பாதை. வண்டி எதையும் விடமாட்டார்கள். தகட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு கண்ணாயிரத்தின் வெல்டிங் பட்டறைக்குக் கிளம்பினார். வாசலில் இறங்கி வலப்பக்கம் திரும்பினால் இருநூறு அடி. கூட்டம் வருவதும் அந்தப் பக்கத்திலிருந்துதான்.

“ஏங்க, இன்னைக்குப் போய் எதிர்ல நடப்பாங்களா? மலை இடது கைப்பக்கம் வருமே.”

“அப்ப முழுசா ஒரு சுத்து சுத்திட்டே பட்டறைக்குப் போறேன். பதினாலு கிலோமீட்டர். போதுமா?”

“போங்களேன் பாக்கலாம். தொப்பையாச்சும் கம்மியாவும்.”

“புண்ணியத்துல உனக்குப் பங்கு கிடையாதுடி, செல்வி.”

செருப்பைக் கழற்றிவிட்டு இடப்பக்கம் திரும்பினார். பத்தடி போய் என்னைப் பார்த்தார். ‘சரி, விளையாட்டுக்குச் சொன்னேன், இப்படியே போங்க’ என்று நான் சொல்வதற்காகத்தான் பார்த்தார். எனக்கு அது தெரியும். சிரித்துக்கொண்டு நின்றேன்.

அப்போது மணி மூன்று. ஐந்தரைக்கு, அடி அண்ணாமலை தாண்டி, ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது முகத்தை மூடியிருந்தார்கள்.

“மாரடைப்பும்மா. வீட்ல படுத்திருந்தாலும் வந்திருக்கும்” என்றார் டாக்டர். பத்துக் கிலோ இரும்பைப் பற்றி அவரிடம் நான் சொல்லவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் கண்ணாயிரம் தகட்டைக் கொண்டுவந்தார். தட்டி நிமிர்த்தி, கிழிசலை ஒட்டி, கறுப்பு பெயிண்டும் அடித்திருந்தார்.

“இது எப்படிங்க உங்ககிட்ட வந்துச்சு?”

“தங்கம்மாள்னு ஒரு அம்மா. கீழ்பென்னாத்தூராம். அண்ணன் கூடப் பேசிக்கினே நடந்துதாம். நம்ம பட்டறைக்குத்தான் போறேன்னு சொல்லியிருந்தாராம். மிச்ச தூரம் அந்தம்மாவும் அது மகனும் மாத்தி மாத்தித் தூக்கிக்கினு வந்து குடுத்துட்டுப் போனாங்க.” தகட்டைச் சுவரோரம் சாய்த்தார். “‘எதிர்ல நடக்கக் கூடாதுன்னு வீட்ல ஆர்டர், அதான் சுத்துறேன்’னு வழியெல்லாம் சொல்லிச் சிரிச்சாராம், அண்ணி.”

“சிரிச்சாரா?”

“ஆமா அண்ணி.”

அதைச் சொன்னால் எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

மாட்டித் தருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். அவர் போன பிறகு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு ஜீப்புக்கு அடியில் நானே படுத்தேன். வயிற்றின் மேல் தகட்டைத் தாங்கி, ஒவ்வொரு போல்ட்டாக முடுக்கினேன். அரைநாள் ஆனது. துளை ஒன்றுகூட விலகவில்லை.

அதன்பின் இரண்டு பௌர்ணமி போய்விட்டது. கூட்டம் வருகிறது, போகிறது. பட்டறை அதே இடத்தில், வாசலில் இறங்கி வலப்பக்கம் திரும்பினால் இருநூறு அடி.