உட்காரக் காரணம்

எங்கள் வீட்டுக் கூடம் மற்றவர்களுக்குப் பதினெட்டு அடி. எனக்கு இரண்டரை மைல். டாக்டர் கழுத்தைத் தொட்டுப் பார்த்துத் தைராய்டு மந்தமாக வேலை செய்கிறது என்று சொன்ன நாளிலிருந்து இப்படித்தான். நான் யாரிடமும் குறை சொன்னதில்லை. சற்று முன்னதாகப் புறப்பட்டுவிடுவேன்.

மாத்திரையைத் திருநீற்றுச் சம்புடத்தில் வைத்திருக்கிறேன். காலையில் நெற்றிக்கு இட்டுக்கொள்ளும்போது ஒன்றை வாயில் போட்டுக்கொள்வேன். அதன்பின் ஒரு மணி நேரம் காபி கூடாது. வீட்டில் அதை விரதம் என்கிறார்கள். நான் மறுக்கவில்லை.

தம்பி மகள் சங்கரவடிவுக்கு நிச்சயம். மாப்பிள்ளை வீட்டார் முந்தின நாளே வந்து முன்னறையில் தங்கியிருந்தார்கள். எங்கள் பக்கம் மூத்தவன் நான். தட்டு மாற்ற வேண்டியவனும் நான்தான். தரகர் முன்பே கேட்டிருந்தார்.

"உங்க பக்கம் தைராய்டு கிய்ராய்டு ஒண்ணும் இல்லியே? அவுக கேக்காவ."

"எங்க குடும்பத்துல அதெல்லாம் வச்சுக்கிடுததில்ல" என்று சொல்லியிருந்தேன். வாக்குக் கொடுத்தாயிற்று.

நல்ல நேரம் பத்தரையோடு முடிகிறது. ஆறு மணிக்கே தட்டை எடுத்துக்கொண்டு பின்னறையிலிருந்து புறப்பட்டேன். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், ஒரு தேங்காய். ஏழு மணிக்கு அந்தத் தேங்காய் இரண்டு தேங்காய்களின் கனம் கனத்தது. சித்திரை மாதம். சட்டைக்குள் இரண்டு பனியன் போட்டிருந்தும் குளிர்ந்தது.

தம்பி மனைவி செண்பகம் காபி டம்ளர்களோடு நான்கு எட்டில் கூடத்தைக் கடந்தாள்.

"என்ன பெரியத்தான், நின்னுக்கிட்டே தூங்குதீயளா?"

"நடந்துக்கிட்டுதாம்மா இருக்கேன்."

"எறும்பு முந்திட்டுப் போகுது, பாருங்க."

உண்மைதான். எறும்புகள் வரிசையாக என்னைக் கடந்து போயின. கடைசி எறும்பு மட்டும் ஒருமுறை நின்று பார்த்தது.

"ஆளு நல்லாத்தான் இருக்கீய. கொஞ்சம் சோம்பலைக் குறைச்சாப் போதும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். காபி இன்னும் ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

ஒன்பது மணிக்குக் கூடத்தின் நடுவை அடைந்தேன். அங்கே ஓர் அலுவலகம் இருந்தது. ஒரு மேஜை, ஓர் அதிகாரி, இரண்டு மடக்கு நாற்காலிகள்.

"தட்டை நின்னுக்கிட்டு மாத்தக் கூடாது. உக்காரணும்" என்றார் அதிகாரி.

"உக்காருதேன்."

"காரணம் எழுதணும்." படிவத்தை நீட்டினார். பெயர், வம்சம், உட்காரக் காரணம்.

"எழுபத்திரெண்டு வயசு."

"அது காரணமில்ல. நிக்கீயள்லா? கட்டு ஏதும் போட்டிருக்கா? கம்பு? தழும்பு?"

"இல்ல."

"அப்போ வெளியில தெரியல. தெரியாததுன்னா பேரை எழுதணும். எழுதினதை ரெண்டு வீட்டுக்கும் சத்தமா வாசிப்போம்."

பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்தேன்.

"எனக்கு உக்கார வேண்டிய அவசியம் இல்ல."

"மகராசனா நில்லுங்க."

பத்து மணிக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து ஓர் அம்மாள் தட்டோடு வந்து சேர்ந்தார். மாப்பிள்ளையை வளர்த்த அத்தை, நெல்லைநாயகி டீச்சர். அவர்கள் வீட்டில் அவர்தான் மூத்தவர். அவர் ஐந்து மணிக்கே புறப்பட்டிருக்க வேண்டும். தட்டிலிருந்த வெற்றிலை வாடிச் சுருண்டிருந்தது. பட்டுச் சேலைக்கு மேல் சால்வை போர்த்தியிருந்தார். அந்த நடையை எனக்குத் தெரியும்.

"உங்களுக்கும் நீளமா இருக்கா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். குரல் கம்மியிருந்தது.

அதிகாரி பேனாவைத் திறந்தார்.

"எது?" என்றேன்.

"கூடம்."

"சின்னக் கூடந்தான டீச்சர்."

அவர் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

"அதான. சின்னக் கூடந்தான்."

அதிகாரி படிவத்தை அவர் பக்கம் தள்ளினார். டீச்சர் முழுவதும் வாசித்தார். ஓர் எழுத்துப் பிழையைத் திருத்தினார். திருப்பிக் கொடுத்தார்.

"எனக்கு என்ன குறைச்சல்? நிக்கேன்."

நாற்காலிகளை நாங்கள் பார்க்கவில்லை.

"அண்ணே, பத்து நிமிசந்தான் இருக்கு!" என்று பின்பக்கத்திலிருந்து தம்பி கூப்பிட்டான். முன்பக்கத்தில் யாரோ, "அத்தை எங்க?" என்றார்கள்.

பிறகு வடிவின் குரல் கேட்டது. "பெரியப்பாவுக்கு இதுல இஷ்டம் இல்லியோ?"

"இஷ்டந்தான் தாயி" என்றேன். அந்தச் சொல் என் தொண்டையிலிருந்து கிளம்பிச் சிறிது தூரம் போனது. எறும்புகளுக்குப் பின்னால் நின்றுவிட்டது.

பத்தரை அடித்தது. அதிகாரி இரண்டு நாற்காலிகளையும் மடக்கி அக்குளில் இடுக்கிக்கொண்டார். நான்கு எட்டில் வெளியே போனார்.

வாசலில் செருப்புகளைத் தேடும் சத்தம் கேட்டது. கார்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. பின்பக்கத்தில் யாரோ வடிவின் தலையிலிருந்து பூவை எடுக்கச் சொன்னார்கள்.

எனக்கும் டீச்சருக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை. அவர் தட்டை இறக்கவில்லை. முதுகு நேராக இருந்தது. என்னுடையதும்.