குகைப் பன்சலையில் பெண் பார்த்தது

எங்கள் மடுல்சீமைப் பக்கம் பெண் பார்ப்பதைக் கோயிலில் வைத்துக்கொள்வார்கள். தேயிலைத் தோட்டத்து லயத்தின் ஒற்றை அறைக் காம்பராவில் நாலு பேர் உட்கார்ந்தால் ஐந்தாவது ஆள் அடுப்பின் மேல்தான் உட்கார வேண்டும் என்பது ஒரு காரணம். பெரிய காரணம் வேறு. சம்பந்தம் சரிவராவிட்டால் இரண்டு பக்கமும் "சாமி கும்பிடத்தான் போனோம்" என்று சொல்லி மானத்தோடு வீடு திரும்பலாம்.

எனக்குப் பார்த்த இடம் மொனராகலை. மாப்பிள்ளை விஜேந்திரன், சீமெந்தும் தகரமும் விற்கிற கடைக்காரர். அவருடைய அம்மா ரெங்கம்மா முருகன் கோயிலே வேண்டாம் என்றுவிட்டார். தெரிந்தவர்கள் கண்ணில் பட்டுவிடுவோமாம். அதனால் லுணுகலைக்குக் கீழே ஒரு குகைப் பன்சலை, சிங்களவர்களின் புத்த கோயில், முடிவானது. அங்கே நம்ம ஆள் யாரும் வரமாட்டார்கள். புத்தரும் யாரிடமும் போய்ச் சொல்லமாட்டார்.

ஏற்கெனவே வந்த இடங்கள் தட்டிப்போனதில் அப்பா முருகையா தோட்டத்தில் தலைகாட்டக் கூசிக்கொண்டிருந்தார். இது முடிந்தே ஆக வேண்டும் அவருக்கு. எனக்கு அந்த அவசரமில்லை. காலம் முழுக்கக் கூட இருக்கப்போகிற மனுஷன் எப்படிப்பட்டவர் என்று மட்டும் தெரிய வேண்டும். அதைப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டே கண்டுபிடிக்க வேண்டும். வழக்கம் அப்படி.

குகைக்குள் பாறை முகடு முழுக்கச் சித்திரம். சிவப்பும் மஞ்சளுமாக யானைகள், தாமரைகள், வரிசையாக ராஜாக்கள். எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் யாரோ மல்லாந்து படுத்து வரைந்தது. எங்கள் கூட்டத்தில் ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்கள். சுவர்ப் பக்கம் 'தொடக்கூடாது' என்று பலகை இருந்தது. அந்தப் பாதுகாப்பு எனக்கு இல்லை. ரெங்கம்மா என் பின்னலை இழுத்து, சவுரி இல்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டார்.

பன்சலைக் காவற்காரர் தனக்குத் தெரிந்த தமிழில் ஒரு சித்திரத்தைக் காட்டினார். "இது வெஸ்ஸந்தர ராஜா. புத்தர் ஆகிறதுக்கு முந்தின பிறவி. கேட்டது எல்லாம் குடுத்தது. கடைசியில பிள்ளைங்க குடுத்தது, நோனாவும் குடுத்தது."

பிள்ளைகள் இரண்டும் தாமரைக் குளத்தில் ஒளிந்திருந்தன. பக்கத்தில் ராஜா நீர் வார்த்து ராணியைத் தானம் கொடுத்துக்கொண்டிருந்தார். ராணியை ஒரு வார்த்தை கேட்டாரா என்பது படத்தில் இல்லை.

விஜேந்திரன் அப்போதுதான் முதல்முறையாக என்னிடம் பேசினார். "எவ்வளவு பெரிய மனசு பாருங்க."

"யாருக்குங்க?" என்றேன்.

"ராஜாவுக்குத்தாங்க."

மூலைச் சுவர்ச் சித்திரத்தில் நீல உடம்போடு விஷ்ணு நின்றார். பன்சலைகளில் அவருக்கும் ஓர் இடம் உண்டு. ரெங்கம்மாவுக்கோ சொந்தக்காரரைச் சந்தையில் கண்ட மாதிரி ஆகிவிட்டது. "நம்ம பெருமாளு பாவம், ஒரு சூடம்கூட இல்லாம நிக்கிறாரே" என்று கைப்பையைத் திறந்தார். எங்கள் ஆட்கள் கடைச் சாவியை மறந்தாலும் சூடத்தை மறக்கமாட்டார்கள். காவற்காரர் வாசலுக்குப் போயிருந்த நேரத்தில், சித்திரத்துக்கு நேர் கீழே பாறை விளிம்பில் ரெங்கம்மா ஒரு கட்டியை வைத்துக் கொளுத்தினார்.

கறுப்புப் புகை நேராக ஏறிப் பெருமாளின் பாதத்தில் படிந்தது. பிறகு முழங்காலில். வௌவாலும் மழையும் இத்தனை காலம் முயன்றும் முடியாததை, ரெங்கம்மா கன்னத்தில் போட்டுக்கொள்கிற நேரத்தில் முடித்துவிட்டார்.

காவற்காரர் ஓடிவந்து அணைத்தார். யார் கொளுத்தியது, பொலிஸுக்குச் சொல்லப்போகிறேன் என்று சிங்களத்தில் கத்தினார்.

ரெங்கம்மா தீப்பெட்டியை முந்தானைக்குள் விட்டுக்கொண்டு முகட்டைப் பார்த்தார். வந்ததிலிருந்து அவர் சித்திரம் பார்த்தது அப்போதுதான்.

விஜேந்திரன் அம்மாவைப் பார்த்தார். பிறகு நல்ல சிங்களத்தில், என்னைக் காட்டி, இந்தப் பெண்தான், தெரியாமல் செய்துவிட்டது என்றார். நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா கைகூப்பினார்.

"மன்னிச்சிக்கங்க மாத்தயா. சின்னப் புள்ள."

தோட்டத்து முன்பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு டீச்சர் நான். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்கள். அன்று பன்சலையில் அந்த ஆண்டி நான்தான். மாப்பிள்ளை சொன்னதுகூட எனக்குப் பெரிதாக வலிக்கவில்லை. அப்பா சொன்னதுதான் வலித்தது. அழக்கூடாது என்று பெருமாளின் கரிபிடித்த காலையே பார்த்துக்கொண்டு நின்றேன். காவற்காரர் பொலிஸுக்குச் சொல்லவில்லை. ஆசை தீர என்னைத் திட்டி அனுப்பினார்.

வாசலில் ரெங்கம்மா என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார். "அவ்வளவு ஏச்சு வாங்கியும் வாயத் தொறக்கல. பொறுமையான புள்ள. வீட்டுக்குப் போயி நாள் பாத்துட்டுப் பேசுறோம்."

ஆட்டோ பசறைப் பக்கம் ஏறும்போது அப்பா முகம் மலர்ந்து, "முடிஞ்ச மாதிரிதான் சுபா" என்றார்.

"ஆமாப்பா. அந்த ராஜா புள்ளயையும் பொண்டாட்டியையும் ஒத்தையாளா குடுத்தாரு. இன்னைக்கு நீங்களும் மாப்பிள்ளையும் பங்கு போட்டுக்கிட்டீங்க. நீங்க புள்ளயக் குடுத்தீங்க. அவரு தாலி கட்டுறதுக்கு முந்தியே பொண்டாட்டியக் குடுத்துட்டாரு."

அப்பா பசறைக் கடைத்தெருவில் டீ வாங்கிக் கொடுத்தார், தனக்கு வாங்கவில்லை. மடுல்சீமை நெருங்கும்போது போன் அடித்தது. ரெங்கம்மாவின் குரல் எனக்கே கேட்டது, தை மாதம் நல்ல நாள் இருக்கிறதாம். அப்பா வெளியே தேயிலையைப் பார்த்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"என்னங்க நீங்க, நாளு கீளுன்னுக்கிட்டு. நாங்க சாமி கும்பிடத்தானுங்க வந்தோம்."