நீல பியூஸ்

"வண்டி கிளம்ப மாட்டேங்குதுடா, சீக்கிரம் வா" என்று அக்கா போன் செய்தபோது, நான் மெக்கானிக் ஷெட்டில் யாருடைய வண்டிக்கோ அடியில் மல்லாந்து கிடந்தேன். அன்று அவளுக்கு டயாலிசிஸ் நாள். ஒருமுறை தவறினால் கால் வீங்கும், மூச்சு வாங்கும். அந்த மெஷினும் யாருக்காகவும் காத்திருக்காது, அடுத்த ஆள் தயாராக உட்கார்ந்திருப்பார். போட்டது போட்டபடி ஓடினேன்.

மாமா வாசலில் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். வாழ்நாள் முழுக்க டாக்ஸி ஓட்டியவர். இப்போது அவருக்கு மிஞ்சியிருக்கும் ஒரே சவாரி அக்காதான். வாடகை வண்டி பிடித்துக்கொள்ளலாமே என்று ஒருதடவை வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். "என் பொண்டாட்டிய எவன் வண்டியிலயோ ஏத்திவிட்டுட்டு நான் கையாட்டிக்கிட்டு நிக்கணுமா?" என்றார். அவருக்குச் சமைக்கத் தெரியாது, மருந்துகளின் பெயர் வாயில் நுழையாது. அவளுக்காக அவரால் செய்ய முடிந்தது இது ஒன்றுதான்.

"பியூஸப் போட்டீங்களா மாமா?"

மாமாவுக்குத் திருட்டு பயம் அதிகம். சாயங்காலம் வண்டியை நிறுத்தியதும், இஞ்சினுக்குப் பெட்ரோலைத் தள்ளும் பம்ப்பின் பியூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். காலையில் மறுபடி செருகுவார். டாக்ஸி ஸ்டாண்டில் பாதிப் பேருக்கு அந்த வித்தையைச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான்.

"யார்கிட்ட கேக்குற மாப்ளே? அதப் போடாம சாவியத் திருப்புவேனா?"

முகம் சுருங்கிவிட்டது. எதற்கு வம்பு என்று பியூஸ் பெட்டியைத் திறக்காமலே விட்டேன். வேறு யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் முதல் வேலையாக அதைத்தான் திறந்திருப்பேன்.

சாவியைத் திருப்பினேன். இஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை. பேட்டரியில் குறையில்லை. ஒரு பிளக்கைக் கழற்றினேன். பொறி நன்றாக வந்தது, ஆனால் நுனி காய்ந்து கிடந்தது, பெட்ரோல் வாடையே இல்லை. மாமாவைச் சாவி போடச் சொல்லிவிட்டுப் பின்சீட்டில் காதை வைத்தேன். அதற்கு அடியிலிருக்கும் பம்ப் ஓடினால் லேசாக ஒரு முனகல் கேட்கும். ஒன்றும் கேட்கவில்லை.

அக்கா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். செருப்பு வார் அவள் பாதத்தில் அழுந்திக் கிடந்தது. அவசரத்தில் எனக்கு எல்லார் மேலும் எரிச்சல் வந்தது. மாமா கோபித்தால் கோபிக்கட்டும் என்று பியூஸ் பெட்டியின் மூடியை நெம்பினேன்.

பியூஸ் இருந்தது. மாமாவின் நீல பியூஸ்தான். அழுத்தமாகச் செருகியிருந்தார். ஆனால் அதன் இடத்தில் இல்லை, பக்கத்தில் எந்த ஒயரும் வராத காலிக் குழியில் இருந்தது. சுள்ளென்று வெயில் அடிக்கிற நேரம். எது எந்தக் குழி என்று மூடியில் படம் வேறு போட்டிருக்கிறது.

நீலத்தைப் பிடுங்கி என் பைக்குள் போட்டுக்கொண்டு, என் டூல் டப்பாவிலிருந்து ஒரு சிவப்பு பியூஸை எடுத்து நீட்டினேன்.

"இந்தாங்க மாமா, உங்க பியூஸு. சரியா உக்காரல போல. நீங்களே போடுங்க."

வாங்கிக்கொண்டார். நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. குனிந்து, வரிசையை விரலால் தடவி எண்ணி, இந்தமுறை சரியான குழியில் செருகினார். "வயசாயிடுச்சு மாப்ளே, பியூஸுக்கு" என்று சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். கை கழுவ உள்ளே போனவர், சுவரைத் தொட்டுக்கொண்டே போனார்.

நான் அக்காவிடம் போனேன். "மாமாவுக்குக் கண்ணு தெரியல."

"தெரியும்" என்றாள்.

"தெரிஞ்சுமா ஏறி உக்கார்ற?"

"நான்தான் பக்கத்துல உக்காந்து சொல்லிக்கிட்டே போறேன்ல. சிவப்பு, பச்சை, ஆள் குறுக்க வருது, பஸ் நிக்குது... நீகூடக் கிண்டல் பண்ணுவியே, கார்ல ஏறுனா ரேடியோ பாட ஆரம்பிச்சிடுதுன்னு."

கிண்டல் செய்தது நிஜம். மாமாவும் சேர்ந்து சிரிப்பார்.

"இதையும் பிடுங்கிட்டா அவரு உடைஞ்சு போயிடுவாருடா."

"சரி, போறப்ப நீ சொல்ற. வர்றப்ப?"

மெஷினிலிருந்து எழுந்தால் அக்காவுக்கு உடம்பு துவண்டுவிடும். சீட்டில் சாய்ந்தால் வீடு வந்துதான் கண் விழிப்பாள் என்று மாமா பெருமையாகச் சொல்வார், தான் அவ்வளவு அலுங்காமல் ஓட்டுவதாக.

"தெருவுல புள்ளைங்க விளையாடுதுக்கா" என்றேன்.

மாமா சாவியைச் சுழற்றிக்கொண்டே வந்தார். அக்கா எழுந்து, எப்போதும் உட்காரும் முன்சீட்டை விட்டுவிட்டுப் பின்கதவைத் திறந்தாள். "இன்னைக்கு என்கூடப் பின்னாடி உக்காருங்களேன். தம்பி ஓட்டட்டும்."

மாமா அவள் பக்கம் பார்த்தார். பிறகு என் பக்கம். நான் நின்ற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளியே பார்த்தார். சாவியை நீட்டினார். வண்டியைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனவருக்குப் பின்கதவின் கைப்பிடி சட்டென்று அகப்படவில்லை. அக்கா உள்ளிருந்து திறந்துவிட்டாள்.

முதல் சாவிக்கே வண்டி பிடித்துக்கொண்டது. தெருமுனை திரும்பினேன். சிக்னல் வந்தது.

"சிவப்பு..." என்றாள் அக்கா, பழக்கத்தில். சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

நான் ஏற்கெனவே பிரேக்கில் கால் வைத்திருந்தேன். என் சீட்டுக்கு அடியில் ஏதோ பலமாக முட்டியது. மாமாவின் வலது கால். அவரும் பிரேக் பிடித்துக்கொண்டிருந்தார்.